சிம்லீக் பேஸ்பாலில் ஒரு வீரரின் மதிப்பு என்ன? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இது எந்த விளையாட்டு? யார் இந்த வீரர்கள்?

வாட்இஃப்ஸ்போர்ட்ஸ் தளத்தின் சிம்லீக் பேஸ்பாலை மனத்தில் வைத்தே இந்தப் பதில்கள் எழுதப்பட்டிருக்கின்றன. அமெரிக்க மேஜர் லீக் வரலாற்றில் ஆடிய வீரர்களை, ஏதாவது ஓர் ஆண்டின் புள்ளிவிவரத்தோடு சேர்த்து, சம்பள உச்சவரம்புக்குள் வாங்கி அணி அமைக்க வேண்டும். அதன்பின் 162 ஆட்டங்களைக் கணினி நடத்தி முடிக்கும். மட்டையும் பந்தும் உங்கள் கையில் இல்லை. யாரை, என்ன விலைக்கு, எந்த வேலைக்கு வாங்கினீர்கள் என்பதில்தான் உங்கள் திறமை தெரியும்.

ஒரே வீரருக்கு ஏன் பல விலைகள்?

நீங்கள் வாங்குவது ஆளை அல்ல, ஆண்டை. புதிதாக வருபவர்கள் இதைத் தாமதமாகத்தான் உணர்கிறார்கள்.

நார்ம் கேஷ் என்று ஒருவர், டெட்ராய்ட் அணிக்காரர். 1961இல் .361 பேட்டிங் சராசரியும் (ஆயிரம் அட்-பேட்டுக்கு, அதாவது அடிக்கும் முயற்சிக்கு, 361 ஹிட்) 41 ஹோம் ரன்களும் (பந்தை மைதானத்துக்கு வெளியே அடித்து நேரே ரன் எடுப்பது) அடித்தார். வாழ்நாளில் வேறெந்த முழு ஆண்டிலும் அவர் .286ஐத் தாண்டியதில்லை. நிஜ உலகில் 1962ஆம் ஆண்டுக்கு அவரை ஒப்பந்தம் செய்யும் மேலாளர், ‘போன ஆண்டு அடித்தது பாதி அதிர்ஷ்டம்’ என்று சந்தேகப்பட வேண்டும். சிம்லீக்கில் அந்தச் சந்தேகத்துக்கு இடமே இல்லை. 1961 கேஷை வாங்கினால் .361 அடிக்கும் ஆற்றல் அப்படியே உங்களுக்குக் கிடைக்கும். அந்த ஆண்டின் அதிர்ஷ்டம் அவருடைய கணக்கில் திறமையாக உறைந்துபோயிருக்கிறது. ஆகவே பெயரைப் பார்த்து மயங்கவும் வேண்டாம், பெயர் தெரியாதவர் என்று தள்ளவும் வேண்டாம்.

கிரிக்கெட் பார்த்துப் பழகியவன் நான். எந்த எண்ணிலிருந்து தொடங்குவது?

அவுட்டிலிருந்து. ஓர் அணிக்கு ஓர் ஆட்டத்தில் 27 அவுட்கள்: ஒன்பது இன்னிங்ஸ், ஒவ்வொன்றிலும் மூன்று அவுட். பேஸ்பாலில் ஓவர் எல்லை கிடையாது. அவுட் தீரும்வரை அடித்துக்கொண்டே இருக்கலாம். எனவே அவுட் ஆகாமல் பேஸை (ரன் எடுக்கச் சுற்றி ஓட வேண்டிய முனைகளில் ஒன்றை) அடைவதுதான் பேட்டரின் முதல் தகுதி. அதை அளப்பது ஓ.பி.பி., அதாவது பேஸ் அடையும் விகிதம். அடித்துப் பெறும் பேஸ்களின் எண்ணிக்கையை அளப்பது எஸ்.எல்.ஜி. இரண்டையும் கூட்டினால் ஓ.பி.எஸ். என்ற எண் வரும்.

ஓ.பி.எஸ். அவசரத்துக்கு உதவும். ஆனால் அது இரண்டு எண்களையும் சமமாக நடத்துகிறது. ரன் சேர்ப்பதில் ஓ.பி.பி.யின் ஒரு புள்ளி (.001), எஸ்.எல்.ஜி.யின் ஒரு புள்ளியைப் போல ஏறத்தாழ ஒன்றே முக்கால் மடங்கு மதிப்புள்ளது. ஒரே ஓ.பி.எஸ். உள்ள இருவரில் ஓ.பி.பி. அதிகம் உள்ளவரை எடுங்கள்.

இன்னும் நுட்பமாகப் பார்க்க விரும்பினால் நிகழ்வு எடைகள் இருக்கின்றன. சராசரியாக ஒரு வாக் (நான்கு மோசமான பந்துகள் வீசப்பட்டதால் அடிக்காமலே கிடைக்கும் முதல் பேஸ்) 0.3 ரன், சிங்கிள் (ஓர் அடியில் ஒரு பேஸ்) 0.47, டபுள் (இரண்டு பேஸ்) 0.77, டிரிபிள் (மூன்று பேஸ்) 1.05, ஹோம் ரன் 1.4 ரன் அளவுக்கு அணிக்குச் சேர்க்கும். ஓர் அவுட் 0.27 ரன் அளவுக்குக் குறைக்கும். இந்த எடைகள் காலத்துக்குக் காலம் சற்று மாறும். ஒரு வீரரின் எண்களை இவற்றால் பெருக்கிக் கூட்டினால், சராசரி வீரரைவிட அவர் எத்தனை ரன் கூடுதல் என்பது கிடைக்கும். ஒரு விரிதாளும் பத்து நிமிடமும் போதும்.

பேட்டிங் சராசரி வாக்கை எண்ணுவதில்லை. சிங்கிளுக்கும் ஹோம் ரன்னுக்கும் அதற்கு வேறுபாடு தெரியாது. அதை வைத்து மட்டும் வாங்குபவர்கள் உங்கள் லீக்கில் இருந்தால் மகிழுங்கள்.

1930இல் .401 அடித்தவர் மேலா, 1968இல் .301 அடித்தவர் மேலா?

கேள்வியில் இருப்பவர்கள் பில் டெரியும் கார்ல் யஸ்ட்ரெம்ஸ்கியும். இருவரும் அந்தந்த ஆண்டில் தங்கள் லீக்கின் பேட்டிங் சராசரிப் பட்டத்தை வென்றவர்கள். இருவரும் அந்த ஆண்டில் 23 ஹோம் ரன் அடித்தவர்கள் என்பது வேடிக்கையான ஒற்றுமை.

1930இல் நேஷனல் லீக் (மேஜர் லீக்கின் இரு பாதிகளில் ஒன்று, மற்றது அமெரிக்கன் லீக்) முழுவதுமே .303 அடித்தது. பந்து பறந்த ஆண்டு அது. 1968இல் அமெரிக்கன் லீக்கின் சராசரி .230. பிட்சர்களின் (பந்து வீசுபவர்களின்) ஆதிக்கம் தாங்காமல், அடுத்த ஆண்டே அவர்கள் நின்று வீசும் மேட்டின் உயரத்தை 15 அங்குலத்திலிருந்து 10 அங்குலமாகக் குறைத்தார்கள். டெரி தன் லீக்கின் சராசரியைவிட 98 புள்ளி மேலே நின்றார். யஸ்ட்ரெம்ஸ்கி 71 புள்ளி மேலே நின்றார்.

சிம்லீக் போன்ற விளையாட்டுகள் இந்த ஒப்பீட்டுக்குப் புள்ளிவிவர ஆய்வாளர் பில் ஜேம்ஸ் 1980களின் தொடக்கத்தில் முன்வைத்த லாக்5 என்ற முறையைப் பயன்படுத்துகின்றன. பேட்டரின் விகிதம், எதிரே நிற்கும் பிட்சர் விட்டுக்கொடுத்த விகிதம், அவர்கள் ஆடிய லீக்கின் சராசரி ஆகிய மூன்றையும் சேர்த்து, இந்த இருவர் மோதினால் என்ன விகிதம் என்று அது சொல்லும். இதே முறையில் இருவரையும் .270 சராசரி உள்ள ஒரு பொது லீக்குக்குக் கொண்டுவந்து பார்த்தேன். டெரி .363, யஸ்ட்ரெம்ஸ்கி .348. காகிதத்தில் 100 புள்ளி இருந்த இடைவெளி 15 புள்ளியாகச் சுருங்கிவிட்டது.

இன்னொன்றையும் பாருங்கள். யஸ்ட்ரெம்ஸ்கி அந்த ஆண்டு 119 வாக் பெற்றார், டெரி 57. யஸ்ட்ரெம்ஸ்கியின் விலை குறைவாக இருந்தால் நான் யோசிக்காமல் அவரை எடுப்பேன்.

மைதானமும் இதில் சேருமா?

சேரும், சில இடங்களில் பயங்கரமாக. டென்வரின் கூர்ஸ் ஃபீல்ட் கடல்மட்டத்திலிருந்து ஒரு மைல் உயரத்தில் இருக்கிறது. காற்றின் அடர்த்தி குறைவு. பந்து தூரம் போகும், வளைத்து வீசும் பந்து அவ்வளவாக வளையாது. அதைச் சொந்த மைதானமாகக் கொண்ட லேரி வாக்கர் 1999இல் .379 அடித்துப் பட்டம் வென்றார்: சொந்த மைதானத்தில் .461, வெளியூர்களில் .286. இப்படிப்பட்ட ஆண்டை வாங்குமுன், உங்கள் விளையாட்டு பழைய மைதானத்தின் தாக்கத்தைக் கழிக்கிறதா என்று விதிப்பக்கத்தில் பாருங்கள். கழிக்கவில்லை என்றால் அந்த .379 முழுவதும் உங்களுக்கே லாபம்.

உங்கள் அணிக்கு நீங்கள் தேர்ந்தெடுக்கும் மைதானத்தையும் வீரர்களையும் ஒன்றாகவே முடிவு செய்ய வேண்டும். ஹோம் ரன்னை அடக்கும் மைதானத்தை எடுத்துக்கொண்டு ஹோம் ரன் மட்டுமே தெரிந்தவர்களுக்குக் காசு கொடுப்பவர்களை ஒவ்வொரு சீசனிலும் பார்க்கலாம்.

பிட்சர்களை எதை வைத்து எடைபோடுவது? வெற்றி எண்ணிக்கையா, ஈ.ஆர்.ஏ.வா?

பிட்சரின் பெயரில் எழுதப்படும் அணியின் வெற்றி எண்ணிக்கையை மறந்துவிடுங்கள். 2018இல் ஜேகப் டிகிராமின் ஈ.ஆர்.ஏ. (ஃபீல்டர்களின் பிழையால் வந்தவை நீங்கலாக, ஒன்பது இன்னிங்ஸுக்குப் பிட்சர் கொடுக்கும் ரன்) 1.70, கணக்கில் 10 வெற்றி, 9 தோல்வி. சிறந்த பிட்சருக்கான சை யங் விருதை அவருக்குத்தான் கொடுத்தார்கள். அவருடைய அணி ரன் அடிக்கவில்லை என்பதற்கு அவர் என்ன செய்வார்?

ஈ.ஆர்.ஏ. பரவாயில்லை, ஆனால் அதையும் லீக்கோடு ஒப்பிட வேண்டும். பாப் கிப்சனின் 1968: 1.12. பெட்ரோ மார்ட்டினெஸின் 2000: 1.74. முதல் பார்வைக்குக் கிப்சன் எங்கோ இருக்கிறார். ஆனால் கிப்சனின் லீக் சராசரி 2.99, பெட்ரோவின் லீக்கில் அது 4.9. இருவருமே தங்கள் லீக் கொடுத்த ரன்களில் மூன்றில் ஒரு பங்கைச் சற்றே தாண்டிய அளவுதான் கொடுத்திருக்கிறார்கள். இன்னிங்ஸுக்கு இன்னிங்ஸ் பார்த்தால் பெட்ரோ ஒரு படி மேல். கிப்சனின் பெருமை வேறு இடத்தில் இருக்கிறது: அவர் 304 இன்னிங்ஸுக்கு மேல் வீசினார், பெட்ரோ 217. அந்த 88 இன்னிங்ஸை உங்கள் அணியில் வேறு யாராவது வீசியாக வேண்டும், அவர் பெட்ரோவாக இருக்கப்போவதில்லை.

அடுத்தது முக்கியம். ஒவ்வொரு மோதலையும் தனித்தனியாகக் கணக்கிடும் இயந்திரத்துக்கு ஈ.ஆர்.ஏ. தேவையே இல்லை. பிட்சர் எத்தனை ஹிட்களை, வாக்குகளை, ஹோம் ரன்களை விட்டுக்கொடுத்தார் என்பதே அதற்குத் தேவை. நெருக்கடியான தருணங்களில் தப்பிப் பிழைத்ததால் ஈ.ஆர்.ஏ. அழகாக இருக்கும் ஒருவர், கணினியிடம் மாட்டினால் சாயம் வெளுத்துவிடும். எதிரணிப் பேட்டிங் சராசரியையும் ஒன்பது இன்னிங்ஸுக்கான வாக், ஹோம் ரன் எண்ணிக்கையையும் பாருங்கள்.

எஃப்.ஐ.பி. என்ற எண்ணைத்தான் எல்லாரும் புகழ்கிறார்களே?

நிஜ பேஸ்பாலில் புகழ்வது சரிதான். மைதானத்துக்குள் அடிக்கப்பட்ட பந்து ஹிட் ஆகுமா அவுட் ஆகுமா என்பதில் பிட்சரின் பங்கு நாம் நினைப்பதைவிட மிகக் குறைவு என்று ஆய்வாளர் வோரோஸ் மெக்ராக்கன் 2001இல் எழுதிப் பெரிய வாதத்தைக் கிளப்பினார். ஸ்ட்ரைக் அவுட் (பேட்டர் பந்தை அடிக்க முடியாமல் ஆகும் அவுட்), வாக், ஹோம் ரன் ஆகியவற்றை மட்டுமே வைத்து மதிப்பிடும் எஃப்.ஐ.பி. அந்தச் சிந்தனையின் பிள்ளை. அடுத்த ஆண்டு ஒரு பிட்சர் எப்படி வீசுவார் என்று ஊகிக்க அது நல்ல கருவி.

சிம்லீக்கில் அடுத்த ஆண்டு என்று ஒன்று இல்லை. நார்ம் கேஷின் கதைதான் இங்கேயும்: அந்த ஆண்டு ஒரு பிட்சர் குறைவான ஹிட்களைக் கொடுத்திருந்தால், அதற்கு அதிர்ஷ்டம் காரணமா, பின்னால் நின்ற ஃபீல்டர்கள் காரணமா என்று கணினி விசாரிக்காது. 1906 சிகாகோ கப்ஸ் 116 ஆட்டங்களை வென்ற அணி. ஃபீல்டிங்கில் பெயர் போன அணி. அந்த ஆண்டு அதன் பிட்சர் மோர்டெகாய் பிரவுனின் ஈ.ஆர்.ஏ. 1.04. ஃபீல்டர்கள் டிங்கரும் எவர்ஸும் சான்ஸும் தடுத்துக் கொடுத்த பந்துகளின் பலனையும் தன் கணக்கில் போட்டுக்கொண்டுதான் அவர் உங்கள் அணிக்கு வருகிறார். எஃப்.ஐ.பி.யை மட்டும் பார்த்து இப்படிப்பட்ட பிட்சரை ஒதுக்குவது, இந்த விளையாட்டில் படித்தவர்கள் செய்யும் தவறு.

குறைந்த ஆட்டங்களில் அபாரமாக ஆடியவர்களை வாங்கலாமா?

வாங்கலாம், வேலை தெரிந்து வாங்க வேண்டும். கொரியப் போரிலிருந்து திரும்பிய டெட் வில்லியம்ஸ் 1953இல் 37 ஆட்டங்கள் மட்டும் ஆடினார்: சராசரி .407, 91 அட்-பேட்டில் 13 ஹோம் ரன். கண்ணைப் பறிக்கும் எண்கள். ஆனால் நிஜத்தில் ஆடிய அளவுக்கு மேல் ஆடவைத்தால் வீரர் சோர்ந்துபோவார், எண்கள் சரியும். அவரைத் தினமும் களமிறக்கினால் சீசனின் முதல் மாதங்களிலேயே தீர்ந்துவிடுவார். ஆட்டத்தின் இறுதியில், பிட்சருக்குப் பதிலாக அடிக்க வரும் பிஞ்ச் ஹிட்டராக வைத்துக்கொண்டால் தங்கம்.

மொத்தத் தேவையை முதலில் போடுங்கள். ஓர் அணிக்கு ஒரு சீசனில் சுமார் 6,200 பேட்டிங் வாய்ப்புகளும் சுமார் 1,450 இன்னிங்ஸும் தேவை. இந்த இரண்டையும் நிரப்பாமல் நட்சத்திரங்களைச் சேர்ப்பது, பட்டுப்புடவைக்குக் கொட்டிவிட்டு அரிசிக்குக் கடன் வாங்கும் குடும்பத்தின் நிர்வாகம்.

பழைய காலத்துப் பிட்சர்கள் இங்கேதான் கைகொடுப்பார்கள். 1908இல் எட் வால்ஷ் 464 இன்னிங்ஸ் வீசினார், இன்றைய முன்னணிப் பிட்சர் வீசுவதைப் போல இரண்டு மடங்குக்கும் மேல். ஆனால் அவருடைய 1.42 ஈ.ஆர்.ஏ.வை அப்படியே நம்ப வேண்டாம். அந்தக் காலத்தில் எல்லாருமே குறைவாகத்தான் ரன் கொடுத்தார்கள்.

ஃபீல்டிங்குக்குச் செலவு செய்யத்தான் வேண்டுமா?

ஷார்ட்ஸ்டாப் (இரண்டாம், மூன்றாம் பேஸ்களுக்கு நடுவே நிற்பவர்), இரண்டாம் பேஸ், சென்டர் ஃபீல்ட் (வெளிக்களத்தின் நடு), கேட்சர் (பேட்டருக்குப் பின்னால் பந்தைப் பிடிப்பவர்) ஆகிய இடங்களுக்கு வேண்டும். ஹிட் ஆகவேண்டிய ஒரு பந்தை அவுட்டாக மாற்றினால், ஹிட்டின் 0.47உம் அவுட்டின் 0.27உம் சேர்ந்து முக்கால் ரன் மிச்சம். ஷார்ட்ஸ்டாப் ஒரு சீசனில் இப்படி 20 பந்துகளைக் கூடுதலாகப் பிடித்தால் 15 ரன். பிழை செய்யாமை வேறு, எட்டிப் பிடிக்கும் பரப்பு வேறு. பிழையே செய்யாதவர் பந்துக்குக் கிட்டே போகாதவராகவும் இருக்கலாம். முதல் பேஸுக்கும் வெளிக்களத்தின் இடது புறத்துக்கும் அடிக்கத் தெரிந்தவரைப் போடுங்கள்.

பேஸ் திருடுபவர்கள்?

பந்து அடிபடாமலேயே அடுத்த பேஸுக்கு ஓடிச் சேர்வதுதான் திருட்டு. அது வெற்றி பெற்றால் 0.2 ரன் லாபம், பிடிபட்டால் 0.4 ரன் நட்டம் என்று தோராயமாக வைத்துக்கொள்ளலாம். மூன்றில் இரண்டு முறை தப்பினால் வரவும் செலவும் சமம். ரிக்கி ஹெண்டர்சன் 1982இல் 130 பேஸ் திருடிச் சாதனை படைத்தார். 42 முறை பிடிபட்டார். கணக்கு: 26 கழித்தல் 16.8, அதாவது 9 ரன்னுக்குச் சற்று மேல். 1922இல் மேக்ஸ் கேரி 51 திருடினார், பிடிபட்டது 2 முறை. அவருக்கும் 9 ரன்னுக்குச் சற்று மேல்தான்! அந்த ஆண்டு ஹெண்டர்சனின் பெருமதிப்பு அவருடைய 116 வாக்குகளில் இருக்கிறது.

பாரி பாண்ட்ஸின் 2004ஐ எந்த விலைக்கும் வாங்கலாமா?

.609 ஓ.பி.பி. என்பது வரலாற்றுச் சாதனை. 232 வாக். அவற்றில் 120, அடிக்கவிட்டால் ஆபத்து என்று எதிரணிகள் வேண்டுமென்றே கொடுத்தவை. உங்கள் விளையாட்டு இந்த 120ஐச் சாதாரண வாக்காகவே எண்ணுகிறதா, பிரிக்கிறதா என்பதைப் பொறுத்து அவர் விலை நியாயமா என்பது மாறும். ‘எந்த விலைக்கும்’ என்ற சொல் மட்டும் இந்த விளையாட்டில் கூடாது.

அப்படியானால் விலையை மதிப்போடு எப்படிப் பொருத்துவது?

ஒப்பிட வேண்டியது சராசரி வீரரோடு அல்ல, மிகக் குறைந்த சம்பளத்தில் கிடைக்கும் மாற்று வீரரோடு. அவரைவிட எத்தனை ரன் கூடுதல்? பத்து ரன் ஏறத்தாழ ஒரு வெற்றிக்குச் சமம்.

ஒரு கற்பனைக் கணக்கு. ‘அ’ என்பவர் 80 லட்சம் டாலர், மாற்று வீரரைவிட 60 ரன் கூடுதல். ‘ஆ’ என்பவர் 40 லட்சம் டாலர், 35 ரன் கூடுதல். ரன்னுக்கு இவ்வளவு என்று வகுத்தால் ‘ஆ’தான் மலிவு. பலரும் இங்கேயே கணக்கை மூடிவிடுகிறார்கள். ஆனால் ‘ஆ’வை எடுத்தால் கையில் மிஞ்சும் 40 லட்சத்தை வைத்து வேறொரு இடத்தில் 25 ரன்னுக்கு மேல் வாங்க முடிய வேண்டும். முடிந்தால் ‘ஆ’ சரி. எல்லா இடங்களும் ஏற்கெனவே நிரம்பியிருந்தால், மலிவான ‘ஆ’ உங்களுக்கு 25 ரன் நட்டம். பேட்டிங் வரிசையில் ஒன்பது இடம்தான். இடமும் ஒரு செலவு.

பணத்தைச் செலவழிக்காமல் சீசனைத் தொடங்குபவர்களை எனக்குப் புரிவதேயில்லை. உச்சவரம்பில் மிஞ்சியது அடுத்த ஆண்டுக்கு வராது.

என் நட்சத்திர வீரர் .240 அடிக்கிறார். கணினி ஏமாற்றுகிறதா?

இல்லை. .270 ஆற்றல் உள்ள ஒருவர் 500 அட்-பேட் ஆடினால், தற்செயல் மட்டுமே அவரை இருபது புள்ளி மேலோ கீழோ எளிதாகத் தள்ளும். நாற்பது புள்ளி தள்ளுவதும் அபூர்வம் அல்ல. நூறு அட்-பேட்டுக்குள் எந்த முடிவுக்கும் வராதீர்கள். அணிக்கும் இதே கதை. சரிபாதி வெல்லும் ஆற்றல் உள்ள அணி 162 ஆட்டங்களில் 75 வென்றாலும் 87 வென்றாலும் வியப்பதற்கில்லை.

புகார் எழுதுமுன் அவருடைய சோர்வு நிலை, மைதானம், எதிரே வந்த பிட்சர்களின் தரம் ஆகிய மூன்றையும் பாருங்கள்.

எதிரணிகளைவிட அதிக ரன் அடிக்கிறோம், ஆனாலும் தோற்கிறோம். என்ன செய்வது?

அடித்த ரன்னின் வர்க்கத்தை, அடித்ததன் வர்க்கமும் கொடுத்ததன் வர்க்கமும் சேர்ந்த தொகையால் வகுங்கள். 800 அடித்து 700 கொடுத்த அணிக்கு .566 வரும், 162 ஆட்டத்தில் 92 வெற்றி. உங்கள் அணி 84தான் வென்றிருந்தால், ஒரு ரன் வித்தியாசத்தில் தோற்ற ஆட்டங்களைத் தேடிப் பாருங்கள். பெரும்பாலும் ஒன்றும் செய்ய வேண்டியதில்லை. கடைசி இன்னிங்ஸில் சோர்ந்த பிட்சர் நின்றிருந்தால் மட்டும் அந்த அமைப்பை மாற்றுங்கள்.

அவுட் ஆஃப் தி பார்க் ஆடும் நண்பர் வேறு மாதிரி சொல்கிறாரே?

அவர் சொல்வதும் சரி. அது இன்னொரு பேஸ்பால் மேலாளர் விளையாட்டு. அதில் வீரர்கள் வளர்கிறார்கள், தளர்கிறார்கள். ஆற்றல் மதிப்பெண்களையே ஸ்கவுட்டுகள் (வீரர்களை எடைபோடுபவர்கள்) தவறாகக் கணிக்கக்கூடும். அங்கே போன ஆண்டின் .361ஐச் சந்தேகிக்க வேண்டும், எஃப்.ஐ.பி.யைப் பார்க்க வேண்டும், வயதைக் கேட்க வேண்டும். 33 வயதில் அபாரமான சீசன் ஆடியவருக்கு நீண்ட ஒப்பந்தம் கொடுப்பது அங்கே தற்கொலை. சிம்லீக்கில் அதே 33 வயதுக்காரரின் அதே சீசனைக் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம், விலை கட்டுப்படியானால்.

சீசன் நடுவில் ஒருவரை விலக்கிவிட்டு வேறொருவரை எடுக்கலாமா?

இன்னிங்ஸ் தீர்ந்துபோன பிட்சர், முன்பே சோர்ந்துபோன பேட்டர் என்றால் எடுக்கலாம். விலக்குவதற்கு அபராதம் உண்டா என்று விதியைப் பாருங்கள். அதையும் புதியவரின் விலையில் சேர்த்துவிட்டு, மீதமுள்ள ஆட்டங்களில் அவர் தரக்கூடிய ரன்களை மட்டும் கணக்கிடுங்கள். 60 ஆட்டம்தான் மிச்சம் என்றால், முழு சீசனுக்கு 30 ரன் தருபவர் தரப்போவது 11தான்.